கைத்திறனுக்கு ஒரு கிரந்தம்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைக் கடந்ததும் எதிர்ப்படுகிற காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன் என்னும் பிள்ளை, பின்னாளில் சுவாமி விபுலானந்தர் என்ற துறவியாகி, வழக்கொழிந்து போன ஒரு வாத்தியத்தின் இலக்கணத்தை மீட்கும் பொருட்டுத் தம் ஆயுளின் நல்ல பகுதியைச் செலவிட்டு ஒரு மகத்தான கிரந்தத்தை இயற்றினார் என்பது, தமிழர் முஸ்லிம்கள் என்ற பேதமின்றி இக்கரையோர மக்கள் அனைவரும் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிய ‘யாழ் நூல்’, யாழின் பெருமையைப் புகழ்ந்து பாடிவிட்டு ஓய்ந்துவிடும் நூலன்று. விஞ்ஞானப் பட்டதாரியும் பௌதிக சாஸ்திரம் கற்பித்த ஆசிரியருமான அடிகளார், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் பழைய உரைகளிலும் சிதறிக் கிடந்த குறிப்புகளை ஒன்று கூட்டி, நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதங்களைக் கணித்து, யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல் என்று முறைப்படி வகுத்து எழுதினார். யாழைக் கண்ணாற் கண்டிராத தச்சனும் அந்நூலைத் துணைக்கொண்டு யாழொன்றைச் செய்ய முற்படலாம்; கலையைப் பற்றி எழுதப்படும் நூலுக்கு இதனினும் உயர்ந்த தகுதி வேறில்லை என்பது என் துணிபு. அரங்கேற்றம் முடிந்த மறுமாதமே அடிகளார் மறைந்தார். அவர் தேடிக் கண்ட ஞானமோ அவருடன் மறையவில்லை.

இத்தகைய நூல்கள் உலகில் அருமையாகவே தோன்றுகின்றன. ஈரான் தேசத்துக் காஷான் நகரில், பள்ளிவாசல்களின் மிஹ்ராப்களுக்குப் பொன்னிறம் மின்னும் ஓடுகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு குடும்பத்திற் பிறந்த அபுல் காசிம் காஷானி, தாம் சக்கரத்தில் அமராமல் சரித்திராசிரியராகி மங்கோலிய அரசசபையைச் சேர்ந்தபோதிலும், குலத்தொழிலை மறந்தாரில்லை. 1301ஆம் ஆண்டளவில் மணிகளையும் வாசனைத் திரவியங்களையும் பற்றி எழுதிய நூலின் இறுதியில், பீங்கான் செய்யும் வகையையும் அவர் விவரித்து வைத்தார். பொடித்த வெண்கல் 10 பங்கு, கண்ணாடித் தூள் 1 பங்கு, வெண்களிமண் 1 பங்கு என்ற அளவை அவர் எழுதி வைத்திராவிடில், அரும்பொருட்சாலைகளில் இன்று நாம் வியந்து நோக்கும் அப்பாண்டங்களின் பிறப்பு மர்மமாகவே இருந்திருக்கும். தந்தையும் பாட்டனும் கைப்பழக்கத்தால் மட்டுமே அறிந்திருந்ததை மகன் எழுத்தில் ஏற்றினான். அதனாலே அச்சூளைகள் அணைந்த பின்னரும் அவற்றின் வித்தை அழியாது நின்றது.

நம் தேசத்திலும் அவ்வாறான முயற்சி ஒன்று நிகழ்ந்ததுண்டு. இலங்கைத் தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தபோது பாறைகளைத் தேடிச் சென்ற கிராமங்களிலே கைவினைஞரைக் கண்டார். இயந்திரச் சரக்குகளின் வெள்ளத்தில் அவர்களுடைய பரம்பரை முழுகிப்போவதையும் கண்டார். அந்த வேதனையிலிருந்து பிறந்ததே ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். குயவரும் நெசவாளரும் பாய் பின்னுவோரும் தந்தச் சிற்பியரும் அதில் இடம்பெற்றனர். அவருடைய துணைவியார் எதெல் எடுத்த புகைப்படங்கள் அதனை அலங்கரித்தன. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு யந்திரத்திலேயே 1907 செப்டெம்பர் தொடங்கி 1908 டிசெம்பர் வரை மேற்பார்வை செய்து, 425 பிரதிகள் மட்டும் அவர் அச்சிட்டார். கைத்தொழிலைப் போற்றும் நூல் கைத்தொழிலாகவே உருவெடுத்தது.

செய்முறையைக் காப்பது கலைநூலின் ஒரு கடன். பெயரைக் காப்பது மற்றையது. இங்கிலாந்தில் கவிஞர் டெனிசன், ஹேர்ஷல் முதலிய மேதைகளின் முகங்களைப் புகைப்படத்தில் அமரமாக்கிய ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். இடைப்பட்ட காலத்தில் களுத்துறைக் குடியானவர்களையும் அவர் படம் பிடித்தார். அந்த முகங்களிலும் அதே கம்பீரம், அதே ஆழ்ந்த நோக்கு. ஆனால் கவிஞருக்குப் பெயர் இருக்கிறது. நம் மக்களோ ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்ற தலைப்போடு நின்றுவிடுகின்றனர். லயனல் வெண்ட் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1950இல் அவருடைய புகைப்படங்கள் நூலாக வெளிவந்தபோது, நம்மவர் ஒருவரே நம் தேசத்தைத் தம் கண்ணாற் கண்டு காட்டிய சௌந்தரியத்தை உலகம் கண்டது. ஓவியமாயினும் புகைப்படமாயினும், உரிமையுடன் நோக்கும் கண்ணின் மதிப்பு அப்போது விளங்கிற்று.

இவ்வளவையும் நான் சொல்வது நம் கரையை நினைத்தே. மருதமுனையில் பாவோடி, அச்சிற் பிணைத்து, நாடா எறிந்து சாரமும் சேலையும் நெய்யும் கைத்தறிகள், இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய எழுபதுகளில் ஓய்வின்றி ஒலித்து, 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் மலிவான பிறநாட்டுத் துணிகளோடு போட்டியிட இயலாது தளர்ந்தன. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுத் தெரியாதபடி விரல்நுனியால் முறுக்கிப் பிணைக்கும் நெசவாளியின் சாமர்த்தியம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்பிக்கப்படுவதில்லை. பன் வெட்டி வெயிலில் உலர்த்தி, சாயத்தில் அவித்து, நிலத்தில் அமர்ந்து பாய் இழைக்கும் மூத்தம்மாவின் முன்னே எந்த வரைபடமும் இருப்பதில்லை. இத்தனை வெள்ளைக்கு இத்தனை சிவப்பு என்று விரல்களே எண்ணிக்கொள்ள, கட்டமும் கரையும் பிசகின்றி விரிகின்றன. அந்தக் கணக்கு முழுவதும் அவருடைய ஞாபகத்திலே இருக்கிறது. அவருக்குப் பின் அது எங்கே இருக்கும்?

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த இழப்பின் முன்னே வேறெதுவும் பெரிதன்று. எனினும், வீடுகளோடு கலியாணப் படங்களும், வாப்பாவின் ஒரேயொரு உருவப்படமும், தறிகளும் போயின. மாண்டோரின் முகங்களும் அவர்தம் கைவேலையின் சாட்சியங்களும் ஒருங்கே இல்லாதொழிந்த குடும்பங்கள் இன்னும் நம் மத்தியில் வாழ்கின்றன. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரு நாளில் அழியும். நூலாகிப் பல இடங்களில் இருப்பது அத்தனை எளிதில் அழியாது.

ஆகையால், நமக்கு வேண்டியது பளபளப்பான காகிதத்தில் அழகிய படங்களை அடுக்கிய பரிசுப் புத்தகமன்று. எந்தப் பருவத்தில் பன் வெட்டுவது, எந்தச் சாயத்தை எவ்வளவு நேரம் காய்ச்சுவது, எந்தக் கோலத்துக்கு எத்தனை இழை என்பவற்றையெல்லாம் செய்பவரின் வாய்மொழியிலேயே பதிந்து, அவருடைய சம்மதத்தோடு அவர் பெயரையும் முகத்தையும் தாங்கி நிற்கும் நூலே நமக்கு வேண்டும். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊர்தோறும் வாசிகசாலையும், மொழியறிந்த ஆசிரியர்களும், கையில் கமராவுடன் திரியும் வாலிபரும் இருக்கின்றனர். விபுலானந்தர் யாழைத் தேடத் தொடங்கியபோது அதனை மீட்டத் தெரிந்த ஒருவரும் உயிரோடில்லை. பழஞ்சுவடிகளோடு மட்டுமே அவர் போராட நேர்ந்தது. நமக்கோ அடுத்த தெருவிலே பாய் இழைக்கும் மூத்தம்மா இருக்கிறார். கேட்டால் மனமகிழ்ந்து சொல்வார். அவர் சொல்ல இருக்கும்போதே நாம் எழுதிவிட வேண்டும்.