கதவைத் திறந்துவிடும் புழு

பயறு வாடினால் பழி பூசணத்துக்கு. கூட்டாளி மண்ணுக்குள் தப்பிவிடுகிறது.

காலையில் பச்சையாக நின்ற பயறுக்கொடி மதியம் தலை தொங்குகிறது. ஒரு வாரத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு: ப்யுசேரியம் பூசணம் நீர்க்குழாய்களை அடைத்துவிட்டது. பாலக்காட்டின் எலவஞ்சேரியில் பந்தல் பயறையும், தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கியின் வட்டவடையில் பீன்ஸையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது பிழைப்பைக் கெடுக்கும் வியாதி.

கடைக்கு ஓடி பூசணக்கொல்லி வாங்கி ஊற்றுகிறார்கள். பல சமயம் காசுதான் கரைகிறது. காரணம், வேர் முடிச்சு நூற்புழு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இதன் குஞ்சு, வேரைத் துளைத்து உள்ளே குடியேறுகிறது. சுற்றியுள்ள செல்களை ஊதச் செய்து, செடியின் சத்தைத் தன் பக்கம் திருப்புகிறது. காயம் பட்டு, சத்துக் கசியும் அந்த வேர் பூசணத்துக்கு விருந்து வைத்த வீடு. கொண்டைக்கடலை சோதனைகளில், வாடலைத் தாங்கும் சில ரகங்கள்கூட இந்தப் புழு சேர்ந்ததும் வாடியிருக்கின்றன.

புதிய சங்கதி அல்ல. 1892லேயே அமெரிக்காவின் அலபாமாவில், அட்கின்சன் பருத்தியில் இந்தக் கூட்டணியைக் கவனித்தார். இந்தியாவில் 1901ல், கேரள எல்லைக்கு அருகே நீலகிரியின் தேவாலா தேயிலைத் தோட்டத்தில் பார்பர் வேர் முடிச்சுப் புழுவைக் கண்டார். இடுக்கி மிளகுக்காரர்களுக்குத் தெரிந்த மெதுவாடலிலும் நூற்புழுவும் பூசணமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆனால் பல பல்கலைக்கழகங்களில் பூசணத்துக்கு ஒரு துறை, புழுவுக்கு வேறு துறை. மண்ணுக்குள் அப்படிப் பாகப்பிரிவினை கிடையாது.

பயறில் இன்னொரு குழப்பம். அதன் வேரில் இயல்பாகவே முடிச்சுகள் உண்டு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் வசிக்கும் நல்ல முடிச்சுகள். புழுவின் முடிச்சைப் பார்த்து 'வேர் நன்றாகப் பிடித்திருக்கிறது' என்று மகிழ்ந்தால் போச்சு. விரலால் தள்ளிப் பார்க்கலாம். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், எளிதில் உதிரும்; நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும்.

ஃபுரடான் குருணையைக் கேரளம் 2011ல் தடை செய்துவிட்டது. மீதி வழிகள் பழையவைதான்: கோடை உழவு, விதைப்புக்கு முன் வேப்பம் புண்ணாக்கு, இடையே ஒரு போகம் செண்டுமல்லி. தண்ணீர் கட்டி நெல் வைத்த வயலில் புழு குறையும். பாலக்காட்டுக்கு அது தோது, வட்டவடையின் மலைச்சரிவுக்கு இல்லை. வாடிய செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். வாய்க்காலில் வீசினால், பாயும் தண்ணீரோடு புழுவும் பூசணமும் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.