கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

எட்டாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் பலர் எழுதினர். கொள்ளுப்பாட்டியின் பெயரை மிகச் சிலரே எழுதினர்.

1860இல் சென்னையிலிருந்து ‘துரூரோ’ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 342 பேர், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தனர். பின்னர்ச் சென்ற கப்பல்களில் செங்கல்பட்டு மாவட்டத்தினரும் இருந்தனர். கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவை பதிவாயின. பெண்களின் பெயர்களும் உண்டு. அவற்றைக் கொண்டே வழிவந்தவர்கள் இன்று பூர்விக ஊரைத் தேடுகின்றனர். ஆனால், ஏன் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதைப் பட்டியல் சொல்லாது.

நம் மாணவர்களுக்கு அதைச் சொல்லும் பெரியவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். முன்னோரின் பெயர், பிறந்த ஊர், தொழில், ஊர் மாறிய காரணம் ஆகிய நான்கையும் கேட்டு எழுதச் செய்யலாம். ஆண்டு நினைவில்லையென்றால், “பாட்டி, காந்தி இறந்தபோது உங்கள் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று கேட்கலாம், 1948 கிடைத்துவிடும். மாமல்லபுரத்துப் பிள்ளைகள், 1957இல் சிற்பப் பள்ளி தொடங்கியதற்கு முன்பா பின்பா என்று கேட்கலாம்.

கேட்டதைப் பட்டா, பத்திரம், நம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடலாம். பதிவேட்டை ஆசிரியரே பார்த்து, அந்தக் குடும்பத்துக்குரியதை மட்டும் சொல்ல வேண்டும். சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது.

பழைய பட்டாக்களில் பெரும்பாலும் ஆண்களின் பெயரே இருக்கும். கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பாட்டியிடம் கேட்டுத்தான் எழுத முடியும். இந்த விடுமுறையிலேயே கேட்கச் சொல்வோம்.