திரும்பி வரும் சீட்டு

கடல் கடந்து வேலைக்குப் போகிறவன் வீட்டில் முதலில் போடப்படும் கணக்குப் பெருக்கல் கணக்கு. அங்கே கிடைக்கும் நாணயத்தை இங்கே வழங்கும் ரூபாயால் பெருக்கிப் பார்க்கிறார்கள். வரும் தொகையைக் கண்டதும் வீடு முழுவதும் ஒரு வெளிச்சம் பரவுகிறது. கழித்தல் கணக்கோ, பிள்ளை விமானம் ஏறிய பிறகே ஆரம்பமாகிறது. அதைப் போடுகிறவனும் அவன் ஒருவன்தான்; அதுவும் தனியாக, அயல் தேசத்து அறை ஒன்றில்.

இந்தக் கழித்தலை முன்கூட்டியே போட்டுப் பார்த்த ஒரு குடும்பத்தைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விருதுநகர் ஜில்லாவில், சாத்தூருக்கு மேற்கே பரந்து கிடக்கும் கரிசல் பூமியில் அச்சங்குளம் என்னும் கிராமம் இருக்கிறது. மழை பெய்தால் கம்பும் பருத்தியும், பெய்யாவிட்டால் பட்டாசு. மழை பெய்த வருஷத்திலுங்கூட இப்போது பட்டாசுதான். 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 12-ந் தேதி அவ்வூரில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துப் பத்தொன்பது பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. சில நாளில் உலகம் மறந்தது. ஊர் மறக்கவில்லை.

அந்த ஊர்ப் பையன் ஒருவன் என்னிடம் பத்தாம் வகுப்பு வரையில் படித்தவன். பிறகு மின்சாரத் தொழிலில் டிப்ளமா பெற்றுச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து வந்தான். சென்ற சித்திரையில் ஒருநாள் தாயாரையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். கரிபியன் கடலிலுள்ள கேமன் தீவில் ஒரு ஹோட்டலில் மின்சாரப் பராமரிப்பு வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம். மாதம் 1,500 கேமன் டாலர் சம்பளம்.

"சார், கேமன் டாலர் ஒன்று அமெரிக்க டாலர் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் குறைச்சல். நம் பணத்தில் மாதம் ஒன்றரை லக்ஷத்துக்கு மேல் வருகிறது. வருமான வரியும் கிடையாதாம்!" என்றான்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கேமன் டாலர் ஒன்றுக்கு 1.20 அமெரிக்க டாலர் என்பது அந்நாட்டார் நிலையாக வைத்திருக்கும் விகிதம். வருமான வரி இல்லை என்பதும் மெய்யே.

தாயார் குறுக்கிட்டாள்: "வாத்தியாரய்யா, எந்தத் தீவானாலும் போகட்டும். மருந்து அறைப் பக்கம் மட்டும் இவன் போக வேண்டாம். ஆனால் மூணு லக்ஷம் வட்டிக்கு வாங்க வேணும்கிறான். அதுதான் உங்களைக் கேட்டுப் போகலாம்னு வந்தோம்."

இலவசமாகப் போனவர்கள்

கணக்குப் போடுமுன் அவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். அந்தக் கடலுக்குப் போகும் முதல் தமிழன் இந்தப் பையன் அல்லன்.

மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினார்கள். 1845-ம் வருஷம் முதல் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாடுக்கும் ஜமெய்க்காவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வடநாட்டார். சென்னையிலிருந்தும் பலர் சென்றனர். பிரெஞ்சுக்காரரின் தீவுகளுக்குப் போனவர்களிலோ தமிழரே மிகுதி. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து மார்த்தினீக் தீவுக்கு 1853-லும், குவாதலூப் தீவுக்கு 1854-லும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. 1889 வரையில் குவாதலூப் ஒன்றுக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் சென்றார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதப் பிரயாணம். இன்றும் குவாதலூப்பில் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் பூஜை நடக்கிறது. கும்பிடுகிறவர்களில் அநேகருக்குத் தமிழ் பேசத் தெரியாது. பூசாரி சொல்லும் தமிழ் மட்டும், பொருள் மங்கி, ஒலியாக நிற்கிறது.

இவர்கள் ஏன் திரும்பி வரவில்லை? இங்கேதான் நம் கணக்குக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

போகும்போது அவர்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. கப்பற்கூலி இலவசம், கப்பலில் சோறும் இலவசம். திரும்பி வருவதற்கும் வழி உண்டென்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆனால் டிரினிடாடில் ஐந்து வருஷம் ஒப்பந்தக் கூலியாக உழைத்து, மேலும் ஐந்து வருஷம் தங்கிய பின்னரே அந்த உரிமை கிட்டும். நாட்கூலியோ 25 சென்ட். 1869-ல் அவ்வரசாங்கம், திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பவனுக்குப் பத்து ஏக்கர் நிலம் தருவதாகச் சொல்லிற்று. 1895-க்குப் பின் புதிதாகப் போன ஆண்கள் திரும்பும் கூலியில் கால் பங்கையும், 1898-க்குப் பின் போனவர்கள் பாதியையும் தாங்களே கொடுக்கும்படி ஆயிற்று. இப்படித் திரும்பும் வழி வருஷத்துக்கு வருஷம் குறுகிக்கொண்டே வந்தது. ஊர் திரும்பியவர்கள் சிறுபான்மையோரே.

இந்த முறையை ஒழிக்க வேண்டுமென்று 1912-ல் ராஜப் பிரதிநிதியின் சட்டசபையில் கோகலே தீர்மானம் கொண்டுவந்தார், அது தோற்றது. 1916-ல் மாளவியா மீண்டும் கொண்டுவந்தார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துன்பத்தைப் பாரதியார் பாடி நாட்டை உருக்கினார். காந்தியடிகளும் மற்றத் தலைவர்களும் கிளர்ச்சி செய்தபின், 1917-ல் ஆட்களை அனுப்புவது நின்றது. 1920-ல் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

இக் கதையைக் கேட்ட பையன், "சார், அது அடிமைக் காலம். நான் படித்தவன், இஷ்டப்பட்டுப் போகிறேன்" என்றான்.

"வாஸ்தவம், தம்பி. நீ கூலியல்ல. ஆனால் உன் வேலை அனுமதிச் சீட்டில் அந்த ஹோட்டல் முதலாளியின் பெயர் இருக்கும். அவர் வேலையை விட்டால் அந்த அனுமதியைக் கொண்டு வேறிடத்தில் வேலை செய்ய முடியாது. அப்போது ஊர் திரும்ப உன் கையில் பணம் இருக்குமா? அதை மட்டும் பார்ப்போம்" என்று காகிதத்தை எடுத்தேன்.

கழித்தல்

அந்தத் தீவில் வேலை பார்க்கும் ஒரு தமிழரிடம் கைபேசியில் விசாரித்து அவன் சில தொகைகளைக் குறித்து வைத்திருந்தான். அவற்றையே எடுத்துக்கொண்டோம். அமெரிக்க டாலருக்கு ரூ. 85 என்று வைத்ததில், 1,500 கேமன் டாலர் ரூ. 1,53,000 ஆயிற்று.

மாதச் செலவு கேமன் டாலரில்: இருவர் பங்கிட்டுக்கொள்ளும் அறைக்கு வாடகை 500, சாப்பாடு 350, பஸ் முதலிய போக்குவரவு 100, கைபேசி 50, வைத்தியக் காப்பீட்டில் தொழிலாளியின் பங்கு 75, ஓய்வூதிய நிதிக்கு 75. இந்தக் கடைசிப் பிடித்தம் வெளிநாட்டாருக்கு ஒன்பது மாதம் கழித்தே தொடங்கும். எனினும் ஜாக்கிரதையாக முதலிலிருந்தே வைத்தோம். மொத்தம் 1,150. மிச்சம் 350 டாலர், அதாவது ரூ. 35,700.

ஒன்றரை லக்ஷம் முப்பத்தையாயிரமாகச் சுருங்கியதைக் கண்டு தாயார் மூக்கின்மேல் விரலை வைத்தாள். சாப்பாட்டுக்கு அவ்வளவா என்று கேட்டாள். அந்தத் தீவில் நெல்லும் விளையாது, பருப்பும் விளையாது. அநேகமாக எல்லாப் பண்டமும் கப்பலில் வந்து இறங்க வேண்டும். இறக்குமதியாகும் பெரும்பாலான சாமான்களுக்கு நூற்றுக்கு 22 தீர்வை. வருமான வரி வாங்காத அரசாங்கம், கடையில் வாங்கும் பெரும்பாலான சாமான்களில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இனிப் போகும் செலவு. விமானச் சீட்டு ரூ. 1,20,000. இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. மியாமி வழியாகப் போனால் அமெரிக்காவின் இடைவழி வீஸா வேண்டும்; லண்டன் வழியாகப் போனாலும் இடைவழி அனுமதியைப் பற்றி முன்னதாக விசாரித்தாக வேண்டும். போலீஸ் சான்று, வைத்தியப் பரிசோதனை, வீஸாக்கள், சென்னைக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்ந்து ரூ. 30,000. அறைக்கு ஒரு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் 1,000 டாலர், ரூ. 1,02,000. முதற்சம்பளம் கைக்கு வரும் வரையில் சாப்பாட்டுக்கும் மற்றதற்கும் 500 டாலர்; ரூ. 51,000. ஆக ரூ. 3,03,000.

நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. மிச்சப்படும் பணம் முழுவதையும் கட்டினாலும் கடன் தீர ஒன்பதரை மாதம் ஆகும். அதன்பின் திரும்பும் சீட்டுக்கு ரூ. 1,20,000 சேர்க்க மூன்றரை மாதம். ஆக முதல் 13 மாத உழைப்பும் போவதற்கும் வருவதற்குமே சரியாகிவிடும். மிஞ்சும் 11 மாதத்தில் சேர்வது ரூ. 3,92,700. இரண்டு வருஷத்துக்கும் அதைப் பங்கிட்டால் மாதம் ரூ. 16,000 சொச்சம்!

பையன் நெடுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "போகவே வேண்டாம் என்கிறீர்களா, சார்?" என்றான்.

"நான் அப்படிச் சொல்லவில்லை. எந்த இனம் உன்னை அழுத்துகிறது, பார்" என்றேன்.

பார்த்தான். வாடகை!

"ஹோட்டலிலேயே தங்க இடம் கொடுத்தால்?" என்று கேட்டுவிட்டு அவனே எழுத ஆரம்பித்தான். முன்பணமும் முதல் வாடகையும் போய்விடும், கடன் ரூ. 2,01,000 ஆகும். மாத மிச்சம் ரூ. 86,700. திரும்பும் சீட்டுக்கான பணத்தையும் சேர்த்துக் கடன் வாங்கினால்கூட நான்கே மாதத்தில் தீர்ந்துவிடும். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி. அது பதின்மூன்று மாதத்தை நான்கு மாதமாக்கிவிடுகிறது. சம்பளத்தை இருநூறு டாலர் உயர்த்திக் கேட்பதைவிட அந்த வரியைக் கேட்பது லாபம்.

கேட்க வேண்டியவை

இத்தகைய கடிதம் எந்த வீட்டுக்கு வந்தாலும் பயன்படும் என்பதால், அன்று நாங்கள் குறித்துக்கொண்ட மற்ற விஷயங்களையும் இங்கே தருகிறேன்.

வேலை அனுமதிக்கான கட்டணம் அங்கே முதலாளியைச் சேர்ந்தது. அதை உன் சம்பளத்தில் பிடிப்பதாக யாராவது சொன்னால் உடனே விழித்துக்கொள்ள வேண்டும்.

தரகர் மூலமாகப் போவதானால், 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் இந்திய அரசாங்கத்தின் உரிமம் பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கூலிக்கு அச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட வரம்பு ரூ. 30,000-மும் அதன்மேல் வரியும். ரசீது தராதவருக்குப் பணம் தரலாகாது.

சம்பளம் மாதத்துக்கா, மணிக்கணக்குக்கா? உல்லாசப் பிரயாணிகள் மிகுதியாக வருவது டிசம்பர் முதல் ஏப்ரல் வரையில். கூட்டம் குறைந்த மாதங்களில் வேலை மணியைக் குறைத்தால் சம்பளமும் குறையும். ஜூன் முதல் நவம்பர் வரையில் புயற் பருவம். 2004 செப்டம்பரில் 'ஐவன்' புயல் அடித்தபோது அத்தீவின் பெரும்பாலான கட்டடங்கள் சேதமுற்றன. ஹோட்டல் மூடிவிட்டால் சம்பளம் உண்டா, ஊருக்கு அனுப்பிவைப்பது யார் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

டிரினிடாடுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய தேசங்களில் அதுவும் ஒன்று. ஊசி போட்ட சான்று இல்லாமல் அங்கிருந்து திரும்பினால், நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரையில் தனியே வைத்துவிடுவார்கள். சென்னை கிண்டியிலுள்ள கிங் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த ஊசி போடுகிறார்கள்.

பதில் வந்தது

அன்றிரவே பையன் ஹோட்டலுக்கு எழுதினான். பதினொரு நாள் பதிலில்லை. கேட்டதனால் வேலையே போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். எனக்கும் உள்ளூறக் கவலைதான். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. தொழிலாளர் விடுதியில் இடம் உண்டு. இரண்டு வருஷம் முடித்தால் திரும்பும் சீட்டும் உண்டு.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தாயார் கேட்டாள்: "முடித்தால்தானே சீட்டு? நடுவிலே இவனுக்கோ எங்களுக்கோ ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

கையெழுத்துப் போட மட்டுமே கற்ற அந்த அம்மாள் கேட்ட கேள்வி அது! அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை.

ஆகவே அவர்களே பதிலைத் தேடிக்கொண்டார்கள். சீட்டுப் பணமும் சேர்த்து ரூ. 3,21,000 கடன் வாங்கினார்கள். அதில் ரூ. 1,20,000-த்தைத் தாயார் பேரில் சாத்தூர்த் தபாலாபீஸில் போட்டார்கள். அதை வீட்டுக் கூரைக்கும் தொடுவதில்லை, தங்கை கலியாணத்துக்கும் தொடுவதில்லை என்று பேச்சு. இரண்டு வருஷம் நல்லபடியாக முடிந்தால் அது சேமிப்பு. முடியாவிட்டால் அவன் வீடு வந்து சேரும் வழி.

பையன் ஆவணியில் புறப்பட்டான். அச்சங்குளத்தில் மாலை ஆறரை மணி என்றால் அங்கே காலை எட்டு மணி. வேலைக்குப் போகுமுன் தாயாருடன் பேசுகிறான். "சாப்பிட்டாயா?" என்பது அவள் முதற்கேள்வி. தபாலாபீஸ் புஸ்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று கேட்பது அவன் வழக்கம். அரிசிப் பானைக்குள் இருக்கிறது என்று அவள் சொல்கிறாள்.