பேர் போல்ட், உள்ளே இருப்பது மரத் திருகாணி

கழற்றி மாட்டக்கூடிய லேப்டாப்களைப் பற்றி இந்த வார எபிசோடில் பேசினோம். 1951-லேயே அப்படி ஒரு பொருள் வந்தாச்சு: ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். கிட்டார் வாசிக்கத் தெரியாத மனுஷன்! நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல், நாலு திருகாணியால் பாடியோடு இறுக்கிவிட்டார். கெட்டுப்போனால் கழற்று, வேறு மாட்டு. ரிப்பேர் கடைக்காரர் புத்தி.

‘போல்ட்-ஆன்’ என்கிற பேர்தான் ஆளை ஏமாற்றும். பெரும்பாலான பேஸ்களில் போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை. சாதாரண மரத் திருகாணி, நெக்கின் மேப்பிள் மரத்தை நேராகக் கடித்துப் பிடிக்கிறது. நாலு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ அளவுக்கு இழுக்கும்போது நெக் அசையாமல் இருப்பதற்குக் காரணம், மரத்துக்குள் இருக்கும் அந்த மரைதான். எஸ்எஸ்டி மாதிரி நினைச்சுக்கோங்க: எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. கவனமாகச் செய்தால் அந்த எல்லை ரொம்ப தூரத்தில் இருக்கும். அவசரப்பட்டால் ஒரே தடவையில் முடிந்துவிடும்.

அப்போ ஏன் கழற்றணும்? பழைய பாணி மாடல்களில், நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் நட், பாடிக்குள் மறைந்திருக்கும் முனையில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் மரம் காய்ந்து நெக் வளைவு மாறும். கம்பி ஃப்ரெட்டில் உரசும், இல்லேன்னா ரொம்ப உயரத்தில் நிற்கும். அந்த நட்டைத் தொட பல மாடல்களில் நெக் வெளியே வந்தாகணும்.

முதலில் கம்பிகளை முழுசாகத் தளர்த்துங்க. இழுவிசை இருக்கும்போது திருகாணியைத் தொடவே கூடாது. துண்டு விரித்து பேஸைக் குப்புறப் படுக்க வைத்து, நெக்குக்கு அடியில் ஏதாவது முட்டுக் கொடுங்க. பொருந்துகிற ஸ்க்ரூடிரைவர், பெரும்பாலும் பிலிப்ஸ் 2-ஆம் நம்பர். கையால் மட்டும்; டிரில் வேண்டாம், ப்ளீஸ். நாலையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறித் தளர்த்துங்க. எந்தத் திருகாணி எந்தத் துளையில் இருந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வையுங்க. நெக் வர மறுத்தால் நீளவாக்கில் மெதுவாக ஆட்டணும். இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் பெயின்ட் பெயரும்.

பள்ளத்துக்குள் ஒரு துண்டு அட்டையோ மெல்லிய மரச்சீவலோ கிடந்தால் குப்பை என்று தூக்கிப் போட்டுடாதீங்க. நெக்கின் சாய்வுக்காக வேண்டுமென்றே வைத்த ஷிம் அது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அதே இடத்தில் திரும்ப வையுங்க.

ட்ரஸ் ராடை ஒரு தடவைக்கு கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீங்க.

உண்மையான ஆபத்து, திரும்ப மாட்டும்போதுதான். நெக்கைப் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து, திருகாணியைத் துளையில் வைத்து, முதலில் எதிர்ப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்க. ஒரு இடத்தில் ‘டக்’கென்று சின்னதாக விழும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து முன்பக்கமாகச் சுற்றினால் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த ‘டக்’ வராமல் அழுத்தித் திருகினால், பழைய மரைக்குக் குறுக்கே புது மரை வெட்டுகிறீர்கள், மரம் தூளாகும்.

நாலும் லேசாகப் பிடித்த பிறகு, கார் சக்கரம் மாட்டுவது மாதிரி மூலைக்கு மூலை மாற்றி இறுக்கணும். கை ‘போதும்’ என்று சொல்லும் இடத்தில் நிறுத்துங்க. முழு டியூனிங்குக்கு முன், ஓரத்து இரண்டு கம்பிகளை மட்டும் லேசாக இழுத்து, இரண்டு பக்கமும் விளிம்பிலிருந்து ஒரே தூரமா என்று பாருங்க. கோணலாக இருந்தால் அவற்றை மறுபடி தளர்த்தி, நெக்கை நேராக்குவது இப்போ சுலபம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பேஸில் ஒரு திருகாணி சும்மாவே சுற்றுகிறதா? துளையில் பல்குச்சியும் பசையும் திணிக்கச் சொல்வாங்க. வார் மாட்டும் பொத்தானுக்கு அது போதும்; நெக்குக்கு நான் செய்யமாட்டேன். துளையைப் பெரிதாக்கி, கெட்டி மரக் குச்சியைப் பசையோடு அடைத்து, காய்ந்த பிறகு புதுத் துளை போடணும். பயணத்துக்காக அடிக்கடி கழற்றுபவர்கள் நெக்கில் உலோக மரைக் குழாய்களைப் பதித்து, நிஜ போல்ட்டே போடலாம். தவறாகப் பதித்தால் மேப்பிள் பிளக்கும் என்பதால், அந்த வேலையை மட்டும் கிட்டார் செய்பவரிடம் கொடுத்துடுங்க.