கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

தாராவியில் குடியிருக்கும் அந்த நெல்லைக்காரருக்கு வயது 53. தொழிற்சாலையில் 28 வருஷ சர்வீஸ். விருப்ப ஓய்வுப் படிவம் கைக்கு வந்து பத்து நாளாகிறது.

ஊரில் தாயார் தனியே இருக்கிறார். போன மாதம் முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். இரண்டு இரவு ரயிலில் இவர் போய்ச் சேர்வதற்குள் கைக்குக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. "வந்துட்டியாய்யா?" என்று மட்டும் கேட்டாராம். அந்தக் கேள்விதான் இவரைக் கையெழுத்துப் போடத் தூண்டுகிறது.

கம்பெனி காட்டும் மொத்தத் தொகை யாரையும் மயக்கும். ஆனால் அதில் கிராஜுவிட்டியும் பி.எப். பணமும் சேர்ந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சர்வீஸில் ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்ற கிராஜுவிட்டி எப்படியும் வரவேண்டிய பணம், சலுகை அல்ல. விருப்ப ஓய்வுக்கென்று தரும் தொகையில் வருமான வரி விலக்கு 5 லட்சம் வரைதான். அதுவும் ஆயுளில் ஒரே முறை. பி.எப். பென்ஷன் முழுதாகக் கிடைப்பது 58 வயதில். முன்கூட்டி வாங்கினால் வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டு. இடையில் இருக்கும் ஐந்து வருஷத்துக்கு அரிசி, பருப்பு எதில் வாங்குவது? நிலத் தரகர்கள் வேறு அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டார்கள்!

மகளோ இங்கே பன்னிரண்டாம் வகுப்பு. "நீங்க முன்னால போங்க, பரீட்சை முடியவும் நாங்க வாறோம்" என்கிறார் மனைவி. மகள் வாய் திறக்கவில்லை. பிறந்து வளர்ந்தது தாராவி. அவளுக்கு ஊர் என்பது கோடை லீவுதான்.

தொகையைப் பிரித்து எழுதித் தரும்படி ஆபீஸில் கேட்டிருக்கிறார். படிவம் காலண்டருக்குப் பின்னால் செருகியபடி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.