புதுச்சேரியின் சுண்ணாம்புத் தளம்

வங்கக் கடலோரத்தில் மணலும் களிமண்ணும் படிந்த சமநிலத்தில் அமைந்த புதுச்சேரி நகரில் வீடு கட்டுவதற்கேற்ற கருங்கல் பாறை இல்லாமையால், களிமண்ணைச் சுட்ட செங்கல்லும், கிளிஞ்சல்களைச் சூளையிலிட்டு நீற்றிய சுண்ணாம்புமே அங்கு முதன்மைக் கட்டுமானப் பொருள்களாயின. 1761-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய பிரெஞ்சு நகரம் 1765-க்குப் பின் மறுபடி எழுந்தபோதும் இந்நிலை மாறவில்லை.

நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதில்களுக்குள் நிற்கும் பிரெஞ்சு மாளிகைகளும், மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட தமிழர் வீடுகளும் தோற்றத்தில் வேறுபட்டாலும், இருபுறத்து மாடிவீடுகளிலும் 'மெட்ராஸ் தெரஸ்' எனப்படும் ஒரே வகைத் தளத்தைக் காணலாம். பிரெஞ்சுப் பாணி என்று புகழப்படுவதில் பெரும்பங்கு உள்ளூர்க் கொத்தனாரின் கைத்திறனே.

சுவர்மீது நெருக்கமாகக் கிடத்திய தேக்குக் கட்டைகளின் மேல், மெல்லிய சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி மூலைவாட்டாக வரிசை வரிசையாக அடுக்குவர். ஒவ்வொரு வரிசையும் சுண்ணாம்புச் சாந்தால் முந்தைய வரிசையைப் பற்றிக்கொள்வதால் அடியில் பலகை முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, கலவை இறுகும்வரை மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவர். இறுதியாகத் தட்டோடு பதித்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழை தேங்காதபடி வாட்டம் கொடுப்பர். இத்தடித்த தளம் வெயிலை மெல்லவே உள்வாங்குவதால், சூடு அறைக்குள் இறங்குவதற்குள் பெரும்பாலும் கடற்காற்று வீசத் தொடங்கிவிடும்.

சுவருக்கும் சுண்ணாம்பே பொருத்தம். கடலோர நிலத்தின் ஈரம் உப்போடு சுவரில் ஏறும்போது, நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பூச்சு அதனை ஆவியாக வெளியேற்றிவிடுகிறது. பழுதுபார்க்கிறோம் என்று அதே சுவரில் சிமெண்ட் பூசினால், வெளியேற வழியற்ற ஈரத்திலுள்ள உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொரியச் செய்கிறது.

இம்முறையின் பலவீனம் மரத்தில் உள்ளது. தளத்தில் விழும் சிறு விரிசலை, அங்கே அரசங்கன்று வேர்விடும் முன்பே அடைக்காவிட்டால், ஒழுகும் நீர் சுவருக்குள் புதைந்த கட்டைகளின் முனைகளை உளுக்கச் செய்யும். முனை உளுத்தபின் நடுக்கட்டை எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. இத்தகைய பழங்கட்டடங்களுள் ஒன்றான, கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த 'மேரி' எனும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே புதிதாக எழுப்பப்பட்ட கட்டடம் 2021-இல் திறக்கப்பட்டது.