மறுபடியும் சைக்கிள்: கரிசல் நாட்டில் வாங்குவோர் அறிய வேண்டியவை

பல ஆண்டுகள் விட்டுவிட்டு மறுபடியும் சைக்கிள் ஓட்ட விரும்புவோர்க்கு, வசதியான சைக்கிளைத் தீர்மானிப்பவை மூன்று: ஃபிரேமின் அளவு, உட்காரும் நிலை, டயரின் அகலம். விலையும் பிராண்டும் இவற்றுக்குப் பிறகே வரும். உடலுக்கும் ஊருக்கும் பொருந்தாத சைக்கிள் முதலில் முழங்காலையும் இடுப்பையும் வருத்தும், பிறகு சுவரோரம் நின்றுவிடும். தடுமாற்றத்தில் விழுந்து எலும்பு முறிவதும் உண்டு.

தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு ஆகிய கரிசல் வட்டாரங்களில் அப்படிப் பள்ளிக்குச் சைக்கிளில் போன தலைமுறையின் மூத்தவர்கள் இன்று நாற்பதைத் தொட்டுவிட்டார்கள். கடைகளில் முன்வரிசையில் நிற்பவையோ பெரும்பாலும் இளைஞர்களின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. தமக்கு எது தேவை என்று தெரிந்து போனால்தான் பின்வரிசையில் நிற்கும் சரியான சைக்கிள் கைக்கு வரும்.

உடலுக்குப் பொருந்தும் அளவு

முதலில் பார்க்க வேண்டியது ஏறி இறங்கும் வசதி. நடுவில் பார் வைத்த சைக்கிளில் காலைத் தூக்கிப் போட வேண்டும். இடுப்பு, முழங்கால் விறைப்பு உள்ளவர்களுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் விழும் ஆபத்து அதிகம். லேடீஸ் சைக்கிள் என்று கடைகளில் சொல்லப்படும் தாழ்ந்த ஃபிரேம் ஆண்களுக்கும் ஏற்றது. வேட்டி கட்டுபவர்களுக்கு இன்னும் நல்லது. பார் சைக்கிளையே விரும்பினால், சீட்டுக்கு முன்னால் இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும்.

சீட்டின் உயரத்தை அறிய எளிய வழி உண்டு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சற்று மடங்கும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். உயரமாக இருந்தால் இடுப்பு இரு பக்கமும் ஆடும். மறுபடி பழகுபவர்கள் முதல் சில வாரங்கள் பாதம் தரையில் எட்டும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்து, தைரியம் வந்தபின் உயர்த்தலாம். சீட் தண்டில் ஒரு எல்லைக்கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால் தண்டு வளையவோ ஒடியவோ கூடும். எல்லைக்குள் உயரம் போதவில்லை என்றால் அந்த ஃபிரேம் சிறியது. வேறு அளவைக் கேட்க வேண்டும்.

ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருப்பது கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. முதுகு நிமிர்ந்து உட்காரும்போது உடலின் பாரம் இடுப்பெலும்பின் அடியில் இறங்கும். அதைத் தாங்கச் சற்று அகலமான, உறுதியான சீட் வேண்டும். மெத்தென்று அமுங்கும் சீட் கடையில் சுகமாகத் தோன்றினாலும், அரை மணி நேர ஓட்டத்தில் மென்மையான இடங்களை அழுத்தும். தொடையிடுக்கில் மரத்துப்போவது தொடர்ந்தால் சீட்டின் முனையைத் தரைக்கு இணையாகச் சரிசெய்ய வேண்டும். அப்போதும் தீராவிட்டால் சீட்டை மாற்றுவதே வழி.

மண்ணுக்குப் பொருந்தும் சக்கரம்

கரிசல் மண் நீரை உறிஞ்சி உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட சாலையும் அலை அலையாகப் புடைத்து, ஓரங்களில் பிளக்கும். இந்தக் குலுக்கலைத் தாங்கப் பலரும் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளைத் தேடுகிறார்கள். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் ஷாக் அப்சார்பர் எடையைக் கூட்டும், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை விழுங்கும், துரு ஏறினால் வேலை செய்யாது. அகலமான டயரே அதைவிடப் பயன் தரும். 40 முதல் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் சேறு டயரோடு ஒட்டி மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். காட்டுப் பாதையில் போக வேண்டியவர்கள் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு விரலாவது தாராளமாக நுழையும் சைக்கிளைத் தேர வேண்டும். சேறு பூசிய ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். பழைய கம்பி பிரேக் ஈரத்தில் இன்னும் மோசம். மழைக்காலத்திலும் ஓட்டுபவர்களுக்கு டிஸ்க் பிரேக் பொருந்தும்.

சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் இங்கே அன்றாடத் தொல்லை. உள்ளே பாதுகாப்பு அடுக்கு உள்ள டயர், தடித்த டியூப், பஞ்சரை அடைக்கும் திரவம் ஆகியவை தொல்லையைக் குறைக்கும். உள்ளூர்க் கடையில் டியூபும் டயரும் கிடைக்கும் சக்கர அளவா என்று முன்பே கேட்டுக்கொள்வது அவசியம்.

சமதரை என்பதால் கியர் வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்றுதான் கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்தக் காற்றை எதிர்த்து ஒரே கியரில் மேற்கே மிதிப்பது முழங்காலுக்குப் பெரும் சுமை. பின்சக்கரத்தில் ஆறேழு கியர் இருந்தாலே போதும்; இருபத்தொரு கியர் தேவையில்லை.

உடலுக்கும் சாலைக்கும் உள்ள ஆபத்துகள்

இதயநோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ மிகுந்த மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை நடுப்பகல் வெயிலைத் தவிர்ப்பது நல்லது. சேலை, துப்பட்டா, வேட்டி சக்கரத்தில் சிக்குவது கடுமையான விபத்துக்குக் காரணம். முழுச் செயின் கவரும், பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் வலையும் இருந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

கோவில்பட்டியை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44இல் கனரக வாகனங்கள் அதிகம். சர்வீஸ் ரோடு இருக்கும் இடங்களில் அதையே பயன்படுத்துவது உயிருக்குப் பாதுகாப்பு. சைக்கிளுக்கு ஹெல்மெட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் தலைக்காயத்தின் கடுமையை அது குறைக்கும். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், இரவில் முன்னும் பின்னும் விளக்கு அவசியம். பிரதிபலிப்பான்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்றைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வந்தது. தரக்குறியைக் கேட்டுப் பார்த்து வாங்கலாம்.

பேட்டரி சைக்கிள்: எல்லை எது

மிதிசைக்கிளுக்கு லைசென்ஸ், பதிவு, காப்பீடு எதுவும் வேண்டாம். மோட்டார் துணையோடு மிதிக்கும் சைக்கிளுக்கும், மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருந்து, மிதிப்பதை நிறுத்தும்போதோ வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போதோ மோட்டார் நின்றுவிட்டால், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 விலக்கு அளிக்கின்றன. அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனத்தின் சான்றும் அதற்கு இருக்க வேண்டும். இந்த எல்லையைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். “லைசென்ஸ் வேண்டாம்” என்ற கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பி வாங்கியவரே அபராதத்துக்கும், யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈட்டுக்கும் பொறுப்பாவார். சோதனைச் சான்றின் நகலையும் மோட்டார் திறனையும் பில்லோடு எழுத்தில் பெறுவதே பாதுகாப்பு.

வாங்கும்போதுள்ள உரிமைகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், விலை பற்றிய முழு விவரத்தை அறியும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. பில் தராமல் விற்பதை அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் ஏதும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும், குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை இந்த உரிமை போய்விடாது. சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் அதையும் சரிபார்க்க வேண்டும்.

சைக்கிள் பெரும்பாலும் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வருகிறது. கடையில்தான் முழுதாகப் பூட்டுகிறார்கள். பொருளைப் பூட்டுவதிலும் சோதிப்பதிலும் உரிய கவனம் காட்டாத விற்பனையாளர், அதனால் ஏற்படும் காயத்துக்குப் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 86ஆம் பிரிவு கூறுகிறது. பணம் தருமுன் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, பிரேக், சக்கரக் கோட்டம், ஹேண்டில் இறுக்கம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஃபிரேம் எண்ணைப் பில்லில் எழுதி வாங்கினால் திருட்டுப் புகாருக்கும் உதவும். பழைய சைக்கிள் வாங்குபவர்கள் விற்பவரிடம் கையெழுத்திட்ட ரசீது பெறுவது நல்லது. ஆன்லைனில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விவரப்படி வந்த சைக்கிள் உயரத்துக்குப் பொருந்தாதது சட்டப்படி குறையாகாது. எனவே அதே அளவை ஒரு கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகே ஆர்டர் செய்ய வேண்டும்.

குறை வந்தால் நிவாரணம்

வெல்டிங் விட்டுப்போதல், ஃபிரேம் விரிசல், பிரேக் செயலிழப்பு போன்றவற்றைப் படமெடுத்து, கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் தர வேண்டும். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நேரிலோ இ-ஜாக்ரிதி தளத்திலோ முறையிடலாம். வெளியூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. காலவரம்பு 2 ஆண்டு. பழுதை நீக்கவும், மாற்றுப் பொருள் தரவும், பணத்தைத் திருப்பவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம்.

விபத்து நேர்ந்தால்

அடிபட்டவுடன் 108ஐ அழைக்க வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்குத் திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவைத் திட்ட வரம்புக்குள் அரசே ஏற்கிறது.

மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், தனக்கென எந்தக் காப்பீடும் இல்லாத சைக்கிளோட்டியும் அந்த வாகனத்தின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கோரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கிடைக்கும். இடித்த வாகனம் நிற்காமல் போய், அடையாளம் தெரியாவிட்டால் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். கூடுதல் இழப்பீட்டுக்கு 166ஆம் பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அதற்குச் சட்டம் குறிக்கும் காலவரம்பு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று, சிகிச்சைச் செலவுப் பில், சைக்கிள் பில் ஆகிய நான்கும் மனுவுக்கு ஆதாரம் என்பதால் அவற்றைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும்.